வீட்டில் இப்போது இரண்டு குழந்தைகள்: பதின்ம வயதுப் பெண் கருவுற்றால் செய்ய வேண்டியவை

என் மகள் பிறந்தபோது எனக்குப் பதினேழு வயது, இரண்டு மாதம். இப்போது எனக்கு 44, அவளுக்கு 27. கடந்த 21 வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியர் வேலை. ஆக, இந்த விஷயத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டும் பார்த்திருக்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன்.

இதைக் கருவுற்ற பெண்ணின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பாட்டிக்கும் சித்திக்கும்தான் முதலில் எழுதுகிறேன். அந்தப் பெண் இருக்கிற கலக்கத்தில் இவ்வளவு நீளமாகப் படிக்க மாட்டாள். நான் படித்திருக்க மாட்டேன்.

சின்ன வயதுக் கர்ப்பத்தின் விளைவுகள் என்று ஒரு பட்டியல் எல்லோருக்கும் தெரியும்: ரத்தசோகை, ரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, நின்றுபோன படிப்பு, மனச்சோர்வு. பட்டியல் உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்குதான் வயதால் வருகிறது. இன்னொரு பங்கு வறுமையால் வருகிறது. மூன்றாவது பங்கு, மூடி மறைப்பதில் கழிகிற வாரங்களால் வருகிறது. வயதை மாற்ற முடியாது. வறுமையை ஒரே நாளில் மாற்ற முடியாது. வாரங்களை மிச்சப்படுத்த முடியும்.

தெரிந்த அன்றைக்கு

நான் 22 வாரம் மறைத்தேன். உண்மையில் முதல் இரண்டு மாதம் எனக்கே தெரியாது. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிடாய் முன்னே பின்னே வருவது சாதாரணம் என்பதால், நாள் தள்ளிப் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் தெரியாத மாதிரி நடித்தேன். பள்ளிச் சீருடையின் பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்துத் தளர்த்திக்கொண்டேன். என் அம்மா ஒருநாள் துணி மடிக்கும்போது அந்தத் தையலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

கண்டுபிடித்த பிறகு மூன்று நாள் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நான்காம் நாள்தான் டாக்டரிடம் போனோம். மூன்று நாள் பெரிய நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த மூன்று நாளில் நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்று இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. தெரிந்த அன்று இரவு அந்தப் பெண்ணைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் படுங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

கோபம் வரும். வரட்டும். ஆனால் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன, அவற்றைக் கோபம் தணிந்தவர் யாரோ அவர் கேட்கட்டும். கடைசியாக மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது? ரத்தப்போக்கோ கடுமையான வயிற்று வலியோ இருக்கிறதா? இதற்கு அவள் சம்மதித்தாளா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

மூன்றாவது கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். வீட்டு ஆண்கள் யாரும் பக்கத்தில் வேண்டாம். கட்டாயப்படுத்தியவர் வீட்டுக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே இருக்கக்கூடும். அப்படியொரு பதில் வந்தால் அவளை அந்த ஆளிடமிருந்து பிரித்துப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதுதான் முதல் காரியம். மற்றதெல்லாம் பிறகு. சிறுமி என்றால் பல நாடுகளில் டாக்டர் காவல் துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்குப் பயந்து மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. எங்கேயானாலும் வாரம் ஏற ஏற வழிகள் குறையும், ஆபத்து கூடும். பயிற்சி பெற்ற டாக்டரிடம் போய், எத்தனை வாரம் என்று உறுதி செய்துகொண்டு, என்னென்ன வழி இருக்கிறது என்று அவள் முன்னாலேயே கேளுங்கள். அவள் வாயிலிருந்து வருகிற பதிலுக்கு மதிப்பு கொடுங்கள். யாரோ சொன்ன மாத்திரை, கஷாயம், ரகசியமாகச் செய்து தருகிறேன் என்கிற ஆள் எதையும் அண்ட விடாதீர்கள். அப்படிப் போய், கிருமித் தொற்றோடும் நிற்காத ரத்தப்போக்கோடும் நள்ளிரவில் எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளை என்னால் எண்ணிச் சொல்ல முடியும். எல்லோரும் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொன்று. அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கல்யாணத்தால் ரத்தசோகை சரியாகாது. ரத்த அழுத்தம் இறங்காது. வீட்டில் உள்ளவர்களின் பதற்றம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்

உலக சுகாதார அமைப்பு 2016இல் சொன்ன கணக்குப்படி, கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும். முதல் முறை 12 வாரத்துக்குள். நான் முதல் முறை போனபோதே 22 வாரம் முடிந்திருந்தது. அதனால் என்ன போயிற்று என்று அப்போது தெரியவில்லை, பிறகு செவிலியர் படிப்பில் தெரிந்துகொண்டேன்.

சீக்கிரம் எடுக்கிற ஸ்கேனில் குழந்தையின் வயது ஏறக்குறையச் சரியாகத் தெரியும். ஆரம்பத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் வளர்வதால் நீளத்தை வைத்து வாரத்தைச் சொல்லிவிடலாம். பின்னால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வளரும். என் விஷயத்தில் முப்பதாவது வாரம் வயிறு சின்னதாக இருக்கிறது என்றார்கள். குழந்தை வளரவில்லையா, இல்லை நாங்கள் சொன்ன தேதி தப்பா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு ஸ்கேன் முன்கூட்டியே எடுத்திருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

முதல் பரிசோதனையில் ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், ரத்த வகை, சிறுநீர், எச்ஐவி, சிபிலிஸ் எல்லாம் பார்க்க வேண்டும். பால்வினை நோய்ச் சோதனை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சிபிலிஸ் வெளியே தெரியாமல் இருந்து வயிற்றிலேயே குழந்தையைக் கொல்லக் கூடியது. பெனிசிலின் ஊசியில் சரியாகக் கூடியதும் அதுதான்.

என் ஹீமோகுளோபின் 7.9. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பதின்ம வயதில் இது ஏன் அதிகம் என்றால், அவள் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்பு முற்றவில்லை, இடுப்பெலும்பு முழு அகலத்துக்கு வரவில்லை. வளர்கிற பெண்ணும் வளர்கிற கருவும் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி. அதனால்தான் இரண்டு குழந்தைகள் என்று தலைப்பில் எழுதினேன். அவளுக்குத் தர வேண்டிய உணவு, 'கர்ப்பிணி உணவு' மட்டுமல்ல, வளர்கிற பிள்ளையின் உணவும் சேர்த்து.

இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் தினமும் கொடுப்பார்கள். மாத்திரை தருவது சுலபம், விழுங்க வைப்பதுதான் பாடு. குமட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அதைப் பார்த்துப் பயந்து ஒரு வாரம் மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்தேன். இரவில் படுக்கப் போகும்போது விழுங்கினால் குமட்டல் தெரியாது. தேநீர், காபி குடித்த கையோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரிப் புளிப்புப் பழத்தோடு எடுத்தால் நன்றாகச் சேரும். உணவில் கால்சியம் குறைவாக இருக்கிறதென்றால் அதற்கும் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தச் சிக்கல் வராமல் தடுக்கவும் அது உதவும்.

ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் தப்பிப் பிழைத்தேன். இருபது வாரத்துக்கு மேல் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதற்குப் பிரீஎக்லாம்ப்சியா என்று பெயர். முற்றினால் வலிப்பு வரும். 20 முதல் 24 வயதுப் பெண்களைவிடப் பதின்ம வயதில் இந்த வலிப்புக்கும், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் வரும் தொற்றுக்கும் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. எனக்கு 35ஆவது வாரம் இரண்டு நாள் தலை பிளந்தது. இரவெல்லாம் அழுததால்தான் தலைவலி என்று நானும் நினைத்தேன், அம்மாவும் நினைத்தாள். மூன்றாம் நாள் காலையில் கண்முன் பூச்சி பறந்தது. போய்ப் பார்த்தால் 160/110. அன்றைக்கே வலி வர மருந்து ஏற்றினார்கள்.

ஆகவே இதை எழுதி ஒரு தாளில் ஒட்டி வையுங்கள், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்: விடாத தலைவலி, கண் மங்கல், விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலிப்பு, ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குட நீர் வெளியேறுவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

பதினைந்து வயதுக்கும் கீழே என்றால் இன்னும் கவனம் வேண்டும். இடுப்பெலும்பு போதிய அளவு வளராததால் குழந்தை வழியில் சிக்கிக்கொள்ளலாம். நாள்கணக்கில் அப்படியே விட்டால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்து, இடைவிடாமல் சிறுநீர் கசியும் நிலை வரும். ஃபிஸ்டுலா என்பார்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் என்று முன்பே முடிவு செய்யுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. அதையும் அவளிடம் சொல்லுங்கள், பயம் குறையும்.

பிரசவ அறையில்

ஒரு ஆள் கூடவே இருக்கட்டும். கூடவே ஆள் இருக்கும் பெண்களுக்கு வலி நேரம் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யார் என்று அவளைக் கேட்டுத் தீர்மானியுங்கள். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எனக்கு வலி வந்தபோது அங்கிருந்த ஒருவர், "அப்போ இனிச்சுது, இப்போ கத்துறியா?" என்றார். 27 வருடம் ஆயிற்று, அந்தக் குரல் போகவில்லை. செவிலியராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் எடுத்துக்கொண்ட ஒரே சபதம், அந்த வார்த்தையை என் வார்டில் யாரும் சொல்ல விட மாட்டேன் என்பதுதான். யாராவது அப்படிப் பேசினால், கூட இருக்கிறவர் அமைதியாக, "அவ குழந்தைங்க, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று சொல்லுங்கள். உள்பரிசோதனை செய்யும் முன் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தப்பட்ட பெண் என்றால் இது இன்னும் முக்கியம்.

எடை குறைந்த குழந்தை

என் மகள் 1.9 கிலோ. 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைவு, 37 வாரத்துக்கு முன் என்றால் குறைமாதம். பதின்ம வயதுத் தாய்மார்களுக்கு இரண்டுமே அதிகம் நடக்கின்றன. இப்படிப் பிறக்கிற குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது, தொற்று சீக்கிரம் பற்றும்.

இதற்கு இருக்கிற வைத்தியங்களிலேயே எனக்குப் பிடித்தது செலவே இல்லாதது. கொலம்பியா நாட்டின் போகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய கங்காரு பராமரிப்பு. குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நெஞ்சோடு நெஞ்சாகச் சாய்த்து, மேலே துணியால் கட்டிவிடுவது. பிறந்த உடனே தொடங்கி, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லி உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. தாய் தூங்க வேண்டுமென்றால் பாட்டி கட்டிக்கொள்ளலாம், அப்பா கட்டிக்கொள்ளலாம். அம்மாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்த கதையைச் சொன்னேன் அல்லவா, அந்த அம்மாவின் நெஞ்சில்தான் என் மகள் பாதி நாள் கிடந்தாள். எங்களுக்குள் பேச்சு சரியானது அப்போதுதான்.

பால்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தால் கொடுக்கலாம். எப்படி என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு மார்பைத் திறந்து ஊட்டுவதே பெரிய கூச்சம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலை கொடுங்கள், கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கவும். அழுகை பிறந்து ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், அதற்கப்புறம் குறையும். அவளிடம் இதைச் சொல்லாமல் விட்டால், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பாள். பொறுமை போய்விட்டால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நிற்கலாம், தப்பில்லை. உலுக்க மட்டும் கூடாது. உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

அவள் மனசு

பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், தூக்கமும் பசியும் கெட்டு, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அது மனச்சோர்வு. சின்ன வயதுத் தாய்மார்களுக்கு இது அதிகம் வருகிறது. எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் 1987இலிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மருத்துவமனையில் கேட்டால் வைத்துப் பார்ப்பார்கள். அதில் கடைசிக் கேள்வி தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அந்த எண்ணம் இருக்கிறது என்று அவள் சொன்னால் அன்றைக்கே டாக்டர். "எல்லாம் சரியாப் போயிடும்டி" என்ற சமாதானம் அங்கே உதவாது.

இங்கே பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று குழந்தையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள். என் அம்மா நல்ல எண்ணத்தில்தான் குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, மருந்து ஊட்டுவது என்று எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் என் மகள் அழுதால் நான் எழுந்திருப்பதுகூட இல்லை. அக்கா மாதிரி ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு செவிலியர்தான் அதைக் கவனித்தார். அம்மாவை உட்கார வைத்து, "நீங்க சமையலைப் பாருங்கம்மா, துணியைத் துவைங்க, ராத்திரி ஒரு தடவை மாத்தி முழிங்க. குளிப்பாட்டுறது மட்டும் அவ செய்யட்டும்" என்றார். ஒரே ஒரு வேலை. அதில் ஆரம்பித்துத்தான் நான் தாயானேன்.

அந்த மாதிரி வீட்டுக்கு வரும் செவிலியர் உங்களுக்குக் கிடைத்தால் விடாதீர்கள். 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 400 பெண்களை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார். எல்லோரும் முதல் குழந்தையைச் சுமந்தவர்கள், பலர் பதின்ம வயது, பலர் ஏழை. ஒரு பிரிவினரின் வீட்டுக்குக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் போய் வந்தார். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வீடுகளில் குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதும் கவனிப்பாரற்று விடப்பட்டதும் குறைவாக இருந்தன.

பள்ளிக்கூடம்

வயிறு தெரிவதற்கு முன்பே, அல்லது தெரிந்த கையோடு, பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். எத்தனை மாதம் விடுப்பு, எந்தத் தேர்வைத் தள்ளிப் போடலாம், வீட்டிலிருந்து எழுதலாமா, எப்போது திரும்பலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். பிரசவத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் போகவே மாட்டாள். குழந்தை கைக்கு வந்த பிறகு திரும்பிப் போவதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஃபிராங்க் ஃபர்ஸ்டன்பெர்க் என்ற சமூகவியலாளர் 1960களில் பதின்ம வயதில் தாயான சுமார் 300 பேரைப் பின்தொடரத் தொடங்கி, பதினேழு வருடம் கழித்தும் போய்ப் பார்த்தார். எல்லோரும் எதிர்பார்த்தபடி அவர்கள் வாழ்க்கை முடிந்துபோயிருக்கவில்லை. பலர் தாமதமாகவேனும் பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்தார்கள். படிப்பைத் தொடர்ந்தவர்களும், அடுத்தடுத்துக் குழந்தை பெறாதவர்களும் மேலே வந்தார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளில் கணிசமானோர் பள்ளியில் தடுமாறினார்கள். தாய் எழுந்து நின்றாலும் அந்த ஆரம்ப வருடங்கள் பிள்ளையிடம் தங்கிவிடுகின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆரம்ப வருடம் என்றால் முக்கியமாகப் பேச்சு. என் மகள் ஒன்றரை வயதுவரை இரண்டு சொல்தான் சொன்னாள். காரணம் நான். பதில் பேசாத குழந்தையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. கூச்சமாகக்கூட இருக்கும். அதே செவிலியர், "உனக்குப் பேச வரலைன்னா பாடத்தைப் படி, சத்தமா" என்றார். சரி என்று உயிரியல் புத்தகத்தை எடுத்தேன். மடியில் அவளை வைத்துக்கொண்டு இதயத்தின் நான்கு அறைகளையும் சிறுநீரகத்தையும் உரக்கப் படித்தேன். எனக்குத் தேர்வு, அவளுக்குச் சொற்கள். இரண்டு வயதில் அவள் தெளிவாகச் சொன்ன மூன்றெழுத்துச் சொல் 'தமனி'. என்னவென்று தெரியாமலேயே பொம்மைக்கு அந்தப் பெயரை வைத்தாள்.

அடுத்த கர்ப்பம்

சங்கடமான பேச்சுதான், ஆனால் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒரு முறை பட்டவள் இனிச் செய்ய மாட்டாள் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். இரண்டே வருடத்தில் இரண்டாவது குழந்தையோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ரத்தசோகையிலிருந்து மீளாத உடம்புக்கு அடுத்தது வந்தால் அந்தக் குழந்தையும் எடை குறைந்து பிறக்க வாய்ப்பு அதிகம்.

பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம், அதாவது முதல் மாதவிடாய் வரும் முன்பே கருத்தரிக்கலாம். பால் கொடுப்பதே தடுப்பாகும் என்பது மூன்று நிபந்தனையும் சேர்ந்தால்தான் உண்மை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறெதுவும் இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை. ஒன்று தவறினாலும் நம்பக் கூடாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைக்கலாம். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட்டும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றது. வகையைப் பொறுத்து மூன்றிலிருந்து பத்து வருடம் வரை இவை வேலை செய்யும், வேண்டும்போது எடுத்துவிடலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பால் கொடுக்கும் முதல் மாதங்களில் வேண்டாம். எது வேண்டும் என்று அவள் சொல்லட்டும்.

அந்தப் பையன்

அவனும் சின்னப் பையனாக இருந்து, கட்டாயம் எதுவும் நடக்கவில்லை என்றால், ஒரேயடியாக விரட்டிவிடாதீர்கள். குழந்தையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர், செலவில் பங்கு, வாரத்தில் ஒரு நாள் வந்து பார்ப்பது என்று தெளிவாகப் பேசி வையுங்கள். வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் வரவில்லை. அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

குழந்தையிடம் எப்போது சொல்வது

பதின்ம வயதில் தாயானவர்களின் பெண் பிள்ளைகளும் அதே வயதில் தாயாவதற்கு வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் மகளைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். நான் நேர்மாறாகச் செய்தேன். உடம்பைப் பற்றி, தொடுகையைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி அவள் கேட்டதற்கெல்லாம் கேட்ட அன்றே பதில் சொன்னேன். வேறொருவர் வாயிலிருந்து என் கதை அவள் காதில் விழுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன். பொய்யான வருடக் கணக்கு எதையும் சொல்லி வைக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு சீக்கிரம் வந்துவிடும்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் வந்தது. வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, உனக்கு 26, எனக்கு 9. அப்போ நான் பொறந்தப்போ நீ ஸ்கூல்லயா படிச்சிட்டிருந்த?"

"ஆமா. பதினொண்ணாவது."

"அப்போ பன்னெண்டாவதுக்கு?"

"ஒரு வருஷம் கழிச்சுப் போனேன். நீ பாட்டி மடியில இருந்த."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாட்டிக்குக் கோவமா இருந்துச்சா?"

"மூணு நாள்" என்றேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.